31 பிளகின்களும் வராத விசாரிப்புகளும்

மார்ச் 3

வீடும் மனையும் விற்றுக் கொடுக்கும் அண்ணனுடைய இணையதளத்தை இன்று கையில் வாங்கினேன். வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) தளம். முன்பு பார்த்துக்கொண்டவர் ஒரு தாளில் பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டுப் போனதோடு சரி. உள்ளே போய் எண்ணினேன், 31 பிளகின், அதாவது தளத்தோடு ஒட்டவைக்கும் கூடுதல் நிரல்கள். அதில் எட்டு நிறுத்தி வைக்கப்பட்டவை, படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்லைடர் மட்டும் மூன்று. அண்ணனுக்கு ஒரே குறைதான்: "ஆளுங்க வந்து பாக்குறாங்கப்பா, ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க." அதற்கு அவரே ஒரு மருந்தும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், சாட் பெட்டி, அதாவது 32ஆவது பிளகின். தலையாட்டிவிட்டு டேட்டாபேஸ், படங்கள் எல்லாவற்றையும் பேக்அப் எடுத்து, தனியாக ஒரு சோதனைத் தளம் போட்டேன். அசல் தளத்தில் கை வைக்க இன்றைக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 4

நிறுத்தி வைத்திருந்த எட்டையும் அழித்தேன். நிறுத்தினால் போதாதா என்று அண்ணன் கேட்டார். போதாது, கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும், அதில் ஓட்டை இருந்தால் வெளியிலிருந்து அந்தக் கோப்பை நேராகவே அழைத்துப் பார்க்கலாம்.

சோதனைத் தளத்தில் தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) மாற்றிப் பார்த்தபோது மொத்த வீடுகளும் மெனுவிலிருந்து காணாமல் போய்விட்டன! ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் பார்த்தால், 'வீடு' என்ற பதிவு வகையையே தீமுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். தகவல் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது, தீம் போனதும் அது என்ன வகை என்று வேர்ட்பிரஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பகுதியைப் பிரித்துச் சின்னதாக ஒரு சொந்தப் பிளகினாக மாற்றினேன்.

மார்ச் 6

படங்கள். ஒரு வீட்டுக்கு இருபது படம், எல்லாம் போனில் எடுத்து அப்படியே ஏற்றியவை. 2560 பிக்சலைத் தாண்டும் படத்தை வேர்ட்பிரஸ் 5.3 முதல் தானே சுருக்கிக்கொள்கிறது, ஆனால் அசலும் சர்வரில் இருந்துகொண்டே இருக்கும், போதாததற்கு ஒவ்வொரு ஸ்லைடரும் தனக்கென்று ஓர் அளவில் நகல் போட்டுக்கொள்கிறது. பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இங்கே கிட்டத்தட்ட ஏழு வினாடி.

படம்தான் காரணம் என்று மணிக்கணக்கில் சுருக்கிக்கொண்டிருந்தேன், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. கடைசியில் மாட்டியது வேகத்தைக் கூட்டுவதற்காகவே போட்டிருந்த ஒரு லேசி லோட் பிளகின். கீழே இருக்கும் படங்களைத் தாமதமாக ஏற்ற வேண்டியது, மேலே முதலில் தெரிய வேண்டிய வீட்டு முகப்பையும் சேர்த்துத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. இந்த வேலையை 2020இல் வந்த 5.5 முதல் வேர்ட்பிரஸே செய்கிறது, 5.9இலிருந்து முதல் படத்தை விட்டுவிடவும் பழகிக்கொண்டது. பிளகினை எடுத்ததும் மூன்று வினாடிக்கு இறங்கியது. மிச்சத்தை, படக் கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி (WebP) வடிவம் பார்த்துக்கொண்டது.

இன்னொன்று, போனில் எடுத்த அசல் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி இருக்கலாம். முகவரியை வெளியிட வேண்டாம் என்று சொன்ன உரிமையாளர்களின் படங்களிலும் இருந்தது. எல்லாவற்றிலும் துடைத்தேன்.

மார்ச் 9

இதைத்தான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். என் போனில், வீடு வாங்க வந்தவன் மாதிரி விசாரிப்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். சுற்றியது, சுற்றியது, "மீண்டும் முயலவும்" என்றது. லேப்டாப்பில் அனுப்பினால் ஒழுங்காகப் போகிறது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். படிவத்துக்குள் நான்ஸ் என்று ஒரு ரகசியக் குறி இருக்கிறது, அதிகம் போனால் 24 மணி நேரம்தான் செல்லும். கேஷ் பிளகினோ பக்கத்தை ஏழு நாள் சேமித்து வைத்துக் கொடுக்கிறது. முதல் நாள் வந்தவருக்குப் படிவம் வேலை செய்யும், அதற்குப் பின் வருகிறவர்கள் செத்த குறியை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். லாகின் செய்திருந்த எனக்குக் கேஷ் இல்லாத பக்கம் வந்ததால் லேப்டாப்பில் எல்லாம் சுகமாகத் தெரிந்தது. முன்பிருந்தவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும், பாவம். கேஷின் ஆயுளைப் பத்து மணி நேரமாகக் குறைத்தேன்.

சரி, தப்பித்து வந்தவை எங்கே? ஸ்பாமில். பதினான்கு. விசாரிப்பவரின் மின்னஞ்சலையே அனுப்புநர் முகவரியாகப் போட்டு நம் சர்வர் அனுப்பினால், அவர் பெயரில் யாரோ எழுதுகிறார்கள் என்றுதான் எந்த மெயில் சேவையும் நினைக்கும். அனுப்புநராக நம் தள முகவரி, பதில் போகும் இடத்தில் அவர் முகவரி, அனுப்பும் வழி எஸ்எம்டிபி, அதாவது முறையான மெயில் சர்வர் மூலம். டேட்டாபேஸிலும் ஒரு நகல் விழும்படி செய்தேன், மெயில் தொலைந்தாலும் ஆள் தொலைய மாட்டார்.

அண்ணன் பதினான்கையும் மௌனமாகப் படித்தார். ஒருவரை அழைத்தார். அவர் வேறு வீடு வாங்கிக் குடியே போய்விட்டாராம்.

மார்ச் 14

விற்றுப்போன வீடுகளால் சண்டை. இதுவரை சிலவற்றை அழித்திருக்கிறார்கள், சிலவற்றை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். அப்படிக் கண்டபடி முகப்புக்குத் திருப்பினால், பக்கம் இல்லை என்றே கூகுள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு இன்னொரு யோசனை: விற்றதைச் சொல்லாமலே விட்டால் போன் வரும், வேறு வீட்டைக் காட்டலாம். முடியாது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது, இருவருக்கும். கடைசியில் பக்கம் இருக்கும், மேலே "விற்றாகிவிட்டது" என்று பெரிதாக இருக்கும், கீழே அதே பகுதியில் இருக்கும் மற்ற வீடுகள். யாரும் தேடி வராத பழைய பக்கங்களுக்கு 410, அதாவது 'இது நீக்கப்பட்டுவிட்டது' என்று சர்வர் சொல்லும் பதில்.

மார்ச் 20

தேடல் ஊர்ந்தது. டேட்டாபேஸ் வேலையை அளந்து காட்டும் குவெரி மானிட்டர் பிளகினைப் போட்டதும் குற்றவாளி தெரிந்தது. அறை எண்ணிக்கை, பகுதி, விலை எல்லாமே பதிவுகளின் கூடுதல் விவரங்களை வைக்கும் போஸ்ட்மெட்டா அட்டவணையில், அங்கே மதிப்புக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் குறிப்பு) கிடையாது, ஒவ்வொரு வடிகட்டிக்கும் அதே அட்டவணையை இன்னொரு முறை இணைக்கிறது. பகுதியையும் அறை எண்ணிக்கையையும் டாக்ஸானமிக்கு (வேர்ட்பிரஸின் வகைப்பாட்டு முறை) மாற்றினேன். விலையைக் காற்புள்ளியோடு எழுத்தாகச் சேமித்திருந்ததால் வரிசையில் 9 வந்து 10க்குப் பின்னால் நின்றது, அதையும் வெறும் எண்ணாக்கினேன். வீட்டின் இடத்தைக் காட்டும் வரைபடமும் இனி பக்கத்தோடு ஏறாது, தொட்டால்தான் வரும்.

ஏப்ரல் 1

பிளகின் 12. ஸ்லைடர் ஒன்றுகூட இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. இந்த வாரம் ஆறு விசாரிப்பு வந்திருக்கிறது. சந்தோஷமாக அண்ணனைக் கூப்பிட்டால், "அந்த சாட் பெட்டி எப்பப்பா போடுவ?" என்கிறார். ஆறில் எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். நாளைக்குப் பேசுகிறாராம்.