மூன்றாவது இருநூறு மீட்டர்

எண்ணூறு மீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் களத்தில் இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்து மணி அடித்ததும், ஓடுபவர் வளைவில் திரும்பிப் பார்வையாளர் மாடத்துக்கு எதிர்ப்புறமுள்ள நேர்பாதைக்குப் போய்விடுகிறார். அங்கே கைதட்டல் எட்டாது, எல்லைக்கோடும் கண்ணில் படாது. முன்னால் ஓடுபவரின் முதுகு மட்டும் அடிக்கு அடி விலகிக்கொண்டே போகும். 400 முதல் 600 வரையிலான அந்த இருநூறு மீட்டரில்தான் மூன்று ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்தேன் என்பதும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் மதிப்பெண்ணை இழந்ததும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் என்பதும் எனக்குத் தாமதமாகவே விளங்கின. விளையாட்டையும் படிப்பையும் ஒன்றாகச் சுமக்கும் மாணவிகள், குறிப்பாக அரசுப் பள்ளியில் படிப்பவர்கள், அவ்வப்போது என்னிடம் வழி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். ஒன்பதாம் வகுப்பில், பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு ஆள் குறைந்ததால் உடற்கல்வி ஆசிரியை என் பெயரையும் பட்டியலில் சேர்த்தார். ஓட்டம் என்னிடம் வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான். எங்கள் பள்ளி மைதானம் செம்மண் தரை. சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குக் கரைந்துவிடும், மறுநாள் நாங்களே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட வேண்டும். அந்தத் தரையில் ஓடியே பிளஸ் ஒன் படிக்கும்போது வருவாய் மாவட்ட அளவில் முதலிடம் பெற்று மாநிலப் போட்டிக்குச் சென்றேன். தகுதிச் சுற்றிலேயே வெளியேறினேன்.

திரும்பி வந்ததும் ஆசிரியை என் பயிற்சிக் குறிப்பேட்டைக் கேட்டார். அழகிய கையெழுத்தில், வாரவாரியாகக் கட்டம் போட்டு, எந்த நாளில் எத்தனை மீட்டர், எத்தனை முறை என்று எழுதி வைத்திருந்த நோட்டு அது. நாலைந்து பக்கங்களைப் புரட்டிவிட்டு, “ஏம்மா, ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லையே, ஓடியது நீயா, உன் பேனாவா?” என்று கேட்டார். உண்மையில் அது பயிற்சிக் குறிப்பேடே அல்ல. ஞாயிற்றுக்கிழமை இரவில் வரப்போகும் வாரத்துக்காக நான் எழுதிவைத்த ஆசைப் பட்டியல். புதன்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தாலும் நோட்டில் நான் ஆறு முறை முந்நூறு மீட்டர் ஓடியிருந்தேன்.

அன்றிலிருந்து ஓடி முடித்த பிறகே எழுதுவது என்றானது. ஒவ்வோர் இருநூறு மீட்டருக்கும் நேரம் குறிக்க வேண்டும், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பனவற்றையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். இரண்டாவது வாரமே ஒரு சோதனை ஓட்டத்தில் 2 நிமிடம் 24 வினாடி வந்தது. அதை நான்காகப் பிரித்தால் 33, 35, 39, 37. முதல் சுற்றுக்கு 68 வினாடி, இரண்டாவதற்கு 76. கடைசி நூறு மீட்டரில் எனக்கு வேகம் போதவில்லை என்றே அதுவரை நம்பி, மாதக்கணக்கில் குறுந்தூர ஓட்டத்தைப் பயின்றுகொண்டிருந்தேன். நேரம் கரைந்தது அங்கே அல்ல, மூன்றாவது துண்டில்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 வினாடியில் உலக சாதனை படைத்த ஓட்டத்தின் நேரங்களை ஆசிரியை எனக்கு எழுதிக் காட்டியது அப்போதுதான். அவர் முதல் சுற்றை 49.28 வினாடியில் முடித்து, 600 மீட்டரை 1 நிமிடம் 14.30 வினாடியில் கடந்தார். கழித்துப் பார்த்தால் மூன்றாவது இருநூறுக்கு 25.02 வினாடி, அது அவருடைய இரண்டாவது இருநூறைவிட வேகமானது. அவரும் இரண்டாவது சுற்றில் சற்றே தளர்ந்தார், ஆனால் எல்லாரும் தளரும் அந்த எதிர்ப்பக்க நேர்பாதையில் தளரவில்லை. செம்மண் தரையில் ஓடும் ஒரு மாணவி உலக சாதனையாளரோடு தன்னை ஒப்பிடுவது சிரிப்புக்குரியதுதான், ஆனாலும் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கழித்தல் கணக்குதான் எனக்குக் காட்டியது.

இதற்கு மனவுறுதிதான் மருந்து என்று நான் முடிவு கட்டிவிட்டதையும் சொல்லியாக வேண்டும். என்னை நானே திட்டிக்கொண்டு அடுத்த ஆறு வாரங்கள் இன்னும் கடுமையாக ஓடினேன். நேரமோ கூடிக்கொண்டே போனது. நோட்டில் உண்மையை எழுதத் தொடங்கியிருந்ததால், பயிற்சி கூடியும் நேரம் மோசமாவதும், மாதவிடாய் முடிந்த வாரத்தில் அது இன்னும் மோசமாவதும் வரிசையாகக் கண்ணில் பட்டன. ஆசிரியை என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4 கிராம் இருந்தது. பெண்களுக்கு அது 12க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை. தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவதே அந்த ஹீமோகுளோபின்தான் என்பதை விலங்கியல் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆயினும் மூன்றாவது இருநூறில் மூச்சு முட்டுவதற்கும் அந்தப் பாடத்துக்கும் இருந்த தொடர்பு எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லி, ஜன்னல் வழியாக வீசியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது மருத்துவர் சொன்ன அளவில், சாப்பிட்ட பின் ஒழுங்காக விழுங்கினேன். எங்கள் வீட்டில் சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கம் உண்டு. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்று செவிலியர் சொன்னதால் அதை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தேன். முருங்கைக்கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் அளவு 11.9 ஆனது. ஆகவே என்னிடம் வழி கேட்கும் மாணவிகளிடம், எந்தக் காலணி வாங்கலாம் என்ற பேச்சுக்கு முன்பே, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்கிறேன். பலவீனத்தைச் சோம்பல் என்று எண்ணி ஓராண்டை வீணாக்கியவள் கேட்கும் கேள்வி அது.

உடல் தேறிய பின்னரே அந்த இருநூறு மீட்டருக்கென்று தனியாகப் பயிற்சி தொடங்கியது. 400 மீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் நின்று, கால் கனத்திருக்கும்போதே இன்னும் இருநூறு மீட்டர் ஓட வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், மூன்று முறை. அதற்கு மேல் இல்லை. மறுநாள் மெதுவோட்டம் மட்டுமே.

படிப்பின் பக்கம் வருகிறேன். பிளஸ் டூவில் மாலைச் சிறப்பு வகுப்பும் மைதானமும் ஒரே நேரத்தில் மோதின. வகுப்பை ஏமாற்றிவிட்டு ஓடப்போவது எங்கள் அணியில் பழகிப்போன வழி; நானும் இரண்டு வாரம் அதைச் செய்து, ஒரு நாள் அகப்பட்டு நின்றேன். பின்னர் செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சியை விட்டுவிடுகிறேன், மற்ற மூன்று நாட்களுக்கு அனுமதி வேண்டும் என்று வகுப்பாசிரியையிடம் நேரிலேயே கேட்டேன். அவர் கேட்டதெல்லாம் அந்த மூன்று நாள் பாடத்தை மறுநாள் காலையில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதுதான். இவ்வளவு எளிதாக முடிந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக இரண்டு வாரம் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70க்கு 41. மாநிலப் போட்டி முடிந்து வந்து எழுதிய அரையாண்டில் 38. அந்த ஆண்டு மாநில இறுதிச் சுற்றில் 34, 35, 36, 35 என ஓடி, 2 நிமிடம் 20 வினாடியில் ஐந்தாவதாக வந்திருந்தேன். அதுவே என் வாழ்வின் சிறந்த நேரம். ஆனால் போட்டி முடிந்ததும் துரத்துவதற்கு எதுவும் இல்லாதது போன்ற ஒரு தொய்வு ஏற்பட்டது; பொதுத்தேர்வோ வெகுதூரத்தில் இருப்பதாகத் தோன்றியது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை நான் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை, படித்தேன் என்று சொல்ல முடியாது. படிப்பாண்டுக்கும் ஒரு மூன்றாவது இருநூறு மீட்டர் உண்டு. விளையாட்டு மாணவர்களுக்கு அது பெரும்பாலும் போட்டிக்காலம் முடிவதற்கும் திருப்புதல் தேர்வு தொடங்குவதற்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில் வந்து விழுகிறது. மார்ச் மாதத்தில் பதறிப் படிப்பவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். டிசம்பரில் சும்மா உட்கார்ந்திருப்பவரை யாரும் கவனிப்பதில்லை.

பதறிப்போய் முதலில் செய்தது தவறான காரியம். இரவு ஒரு மணிவரை விழித்து, காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனேன். நான்கு மணி நேரத் தூக்கத்தில் படித்தது எதுவும் நிற்கவில்லை, கெண்டைக்கால் முன்னெலும்பிலும் வலி பிடித்துக்கொண்டது. இரவு ஒன்பதரைக்குப் படுத்து நான்கரைக்கு எழுவது என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் இரண்டும் சீராயின.

அடுத்ததாக, ஓட்டக் குறிப்பேட்டின் முறையைப் படிப்புக்கும் கொண்டுவந்தேன். ‘இயற்பியல், இரண்டு மணி நேரம்’ என்று எழுதுவது மறுபடியும் பேனா ஓடிய ஓட்டம்தான். அதற்குப் பதிலாக, ‘லென்சு உருவாக்குபவர் சமன்பாடு, புத்தகத்தை மூடிவிட்டு எழுதினேன், 14 நிமிடம், குறியீட்டு மரபில் தவறு’ என்று எழுதினேன். மூன்று நாள் கழித்து மறுபடி: ‘9 நிமிடம், படத்தில் அம்புக்குறி விட்டுப்போனது’. போட்டிக்காகப் போன நாட்களில் தவறிய கதிர் ஒளியியல் முழுவதையும் இப்படித்தான் மீட்டேன். பேருந்தில் போகும் இருபது நிமிடம் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு. அதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை, எல்லாரும் செய்வதே.

எனக்கு மிகுந்த பயன் தந்தது தேர்வு மண்டபத்தின் மூன்று மணி நேரத்தை நான்காகப் பிரித்துப் பார்த்ததுதான். அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும், ஒவ்வொரு 45 நிமிடத்திலும் எத்தனை மதிப்பெண்ணுக்கான விடையை எழுதினேன் என்று நினைவிலிருந்து தோராயமாகக் குறித்தேன். 24, 18, 10, 13 என்று வந்தது. ஐந்து மதிப்பெண் வினா ஒன்றைத் தொடவே இல்லை. இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் வினா 6, மூன்று மதிப்பெண் வினா 6, ஐந்து மதிப்பெண் வினா 5 என்று மொத்தம் 70 மதிப்பெண். நான் தாளின் வரிசைப்படியே எழுதிக்கொண்டு போனதால், கையும் மனமும் தளரும் மூன்றாவது 45 நிமிடத்தில்தான் சமன்பாடுகளைப் படிப்படியாக நிறுவும் நீண்ட வருவித்தல்கள் வந்து சேர்ந்தன.

திருப்புதல் தேர்வுகளில் வரிசையை மாற்றிப் பார்த்தேன். வினாத்தாளைப் படிக்கத் தரும் முதல் பத்து நிமிடத்தில், ‘அல்லது’ என்று வரும் ஐந்து மதிப்பெண் வினாக்களில் எதை எழுதுவது என்று மனத்தில் முடிவெடுத்துவிடுவேன். ஒரு மதிப்பெண் வினாக்கள் முடிந்ததும் அந்த ஐந்தில் மூன்றை முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எழுதிவிட்டு, துண்டு துண்டாக எழுதக்கூடிய மூன்று மதிப்பெண் வினாக்களைத் தளரும் நேரத்துக்கு வைத்துக்கொண்டேன். அந்தப் பகுதி தொடங்கும்போது பேனாவை மூடி வைத்து, விரல்களை உதறி, ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். முப்பது வினாடிக்குமேல் ஆகாது. விடை எண்ணைச் சரியாக எழுதினால் வரிசை மாற்றி எழுதுவதில் தடை இல்லை என்றாலும், உங்கள் பாட ஆசிரியரிடம் காட்டி, திருப்புதல் தேர்விலேயே பழகிக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு நாளில் புதிதாக முயல்வது, புதுக் காலணியோடு இறுதிச் சுற்றுக்குப் போவதைப் போன்றது. அதன் கொப்புளத்தையும் நான் அறிவேன். பொதுத்தேர்வில் இயற்பியலில் 70க்கு 61 பெற்றேன்.

கணிதத்தில் 86, வேதியியலில் 84, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து இயற்பியலில் 91. கணித மதிப்பெண்ணோடு மற்ற இரண்டிலும் பாதியைச் சேர்த்தால் வரும் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்கு 173.5. விளையாட்டுப் பிரிவில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தப் பிரிவுக்கு எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து ஒதுக்கப்படுபவை 500 இடங்கள். கலந்துகொண்ட போட்டியின் தரத்தையும் பெற்ற இடத்தையும் பொறுத்தே அங்கு தரவரிசை அமைவதால், தேசியப் போட்டிச் சான்றிதழோடு வருபவர்களுக்கு முன்னால் மாநில அளவில் ஐந்தாமிடம் அதிகம் பேசாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் வழியாகவே அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கட்டுமானப் பொறியியல் படிக்க வந்தேன். ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது, படிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெற்றோர் சொல்லும் வீடுகளில் இந்தக் கணக்கை ஒருமுறை காட்டுங்கள்.

என்றாலும் சான்றிதழ்களை அலட்சியமாக வைக்கக் கூடாது. போட்டி முடிந்த அன்றே, திடலை விட்டுக் கிளம்புமுன், பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, வயதுப்பிரிவு, கையொப்பம், முத்திரை ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கலந்தாய்வுக் கையேட்டில் விளையாட்டுப் பிரிவுக்கெனக் கேட்கப்படும் படிவங்களைப் பிளஸ் டூ தொடக்கத்திலேயே படித்து, யாருடைய கையொப்பம் தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். என் மாநிலப் போட்டிச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்து மாறி அச்சாகியிருந்தது. பதக்கம் இல்லாத சான்றிதழ்தானே என்று அதைப் பிரித்தே பார்க்காமல் பையில் வைத்திருந்தேன். மே மாதத்தில் கண்டுபிடித்து, திருத்தித் தரச் சொல்லி ஏழு வாரம் அலைந்தேன். திருத்திய தாள் கைக்கு வந்தபோது பதிவேற்றத்துக்கான கடைசி நாள் முடிந்து நான்கு நாளாகியிருந்தது.