பனி காயட்டும்

"படிச்ச பிள்ளை, ஆரஞ்சு பறிக்கவா கடல் தாண்டிப் போறே?" அப்பத்தாவுக்குக் கடைசி வரை மனசு ஆறவில்லை. எங்கள் காரைக்குடிப் பக்கம் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர்கள் கணக்கு எழுதப் போனார்கள். நான் முதுகுப் பையோடு கூலி வேலைக்கு.

விடுமுறைக்குப் போய் வேலையும் பார்க்க விடும் ஆஸ்திரேலியாவின் 462 விசா இந்தியர்களுக்கு 2024-இல்தான் திறந்தது. வருஷத்துக்கு 1000 பேர், வயது 18 முதல் 30, குலுக்கல் முறை. என் பெயர் விழுந்தது.

குயின்ஸ்லாந்தில் கெயிண்டா என்ற சிற்றூர், மாண்டரின் என்ற கமலா ஆரஞ்சுத் தோட்டம். விடிகாலையிலேயே போய் நின்றாலும் பனி காயும் வரை வேலை தொடங்காது. ஈரத்தோடு பறித்தால் தோலின் எண்ணெய் கசிந்து கறை விழுந்துவிடும். பிடித்து இழுக்கவும் கூடாது, காம்போடு தோலும் கிழியும். சின்னக் கத்தரியால் ஒட்ட நறுக்கி, மார்பில் தொங்கும் பைக்குள் போட வேண்டும். காம்பு கொஞ்சம் நீண்டிருந்தாலும் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். மேஸ்திரி ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்ப்பார். நம்ம ஊர் நகைக்கடையில்கூட இவ்வளவு சோதனை கிடையாது!

பறிக்கும் அளவுக்குக் கூலி என்றாலும், குறைந்தபட்ச மணிக்கூலிக்குக் குறையக் கூடாது என்று 2022 முதல் விதி. என் முதல் சம்பளச் சீட்டில் குறைந்தது. கேட்டேன், அடுத்த வாரம் சேர்த்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா போனில், "பழமாவது இனிக்குதா?" என்றார்.

"ரொம்ப" என்றேன். தின்பது கழித்துப் போட்டதைத்தான் என்று சொல்லவில்லை.