கோலன் காதில் விழவில்லை

எனக்குப் பார்வை கிடையாது; கணினித் திரையைக் காதால் கேட்டுத்தான் படிக்கிறேன். பிசிஏ முதலாம் ஆண்டில் பைத்தான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய முதல் நிரல் ஓடவே இல்லை. முக்கால் மணி நேரம் வரிவரியாகக் கேட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தோழி எட்டிப் பார்த்து, "இஃப் வரி முடிவுல கோலனே இல்லடா" என்றாள். கோலன் என்பது முக்காற்புள்ளி (:). கோலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளான என்விடிஏ-வின் தொடக்க அமைப்பு கோலனையும் அடைப்புக்குறிகளையும் வாசிக்காமல் தாண்டிவிடும். கதை கேட்பவருக்கு அது சௌகரியம், நிரல் எழுதும் பார்வையற்ற நமக்கு வினை. இன்சர்ட்டைப் பிடித்துக்கொண்டு பி-யைத் தட்டி, எல்லாக் குறிகளையும் வாசிக்கும் நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதும் முக்கியம். இன்சர்ட், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் அமைப்பில், உள்தள்ளலை ஒலியாகக் கேட்க வழி உண்டு. உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இந்த மென்பொருளை 2006-இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரன் பார்வையற்றவர். அதில் பெரும்பகுதி எழுதப்பட்டதும் பைத்தானில்தான். தெரிந்த அன்று கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

வகுப்புதான் பெரிய பாடு. "இதை இங்க மாத்து, அது அங்க போகும்" என்று பலகையைக் காட்டிப் பேசினால் நமக்கு என்ன புரியும்? எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேட்டேன். அவர் அதோடு நிற்கவில்லை. தரவுகளை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கும் லிங்க்டு லிஸ்ட் பாடத்துக்குத் தீப்பெட்டிகளை நூலால் கோத்துக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு பெட்டியைச் சேர்க்க, முதலில் எந்த நூலைக் கட்டுவது, எதை அவிழ்ப்பது? அவசரப்பட்டு அவிழ்த்தேன், பின்பாதி கையைவிட்டுப் போய்விட்டது. பார்வையுள்ள மாணவர்களும் அப்புறம் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார்கள்.

தமிழ்க் குறிப்புகளை யூனிகோடில் கேளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் காதில் விழும்.

எழுத்துத் தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுத வந்த ஸ்கிரைபுக்கு நிரல் தெரியாது. நான் அண்டர்ஸ்கோர் என்றால் அடிக்கோட்டுக் குறியை (_) போடாமல் அந்தச் சொல்லையே எழுதிவைத்தார். எனக்குக் கிடைத்த மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் இதிலேயே கரைந்தது. அடுத்த பருவத்தில் இரண்டு நாள் முன்பே உட்கார்ந்து குறிகளின் பெயர்களைப் பழக்கினேன். செய்முறைத் தேர்வுக்கு கணினியில் நிறுவாமலே ஓடும் என்விடிஏ-வின் போர்ட்டபிள் பதிப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செருக அனுமதியை எழுத்திலேயே வாங்கி, முதல் நாளே அந்தக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஹெட்போன் வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்து.