குருத்தெலும்பு ஆய்வுக்கு மனித செல் தேடுபவர்களுக்கு

செல்கள் ஒட்டி வளர்வதற்கான தாங்கியான ஸ்கஃபோல்டு தயாராக இருந்தும் அதில் விதைக்க மனித செல் கிடைக்காமல் பிஎச்.டி.யில் ஏழு மாதம் காத்திருந்தேன். ஒருவழியாக வந்த முதல் திசுவின் மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. செல் எல்லாம் செத்திருந்தது. நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கத்தில் அப்படிப் போட்டுவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. அதிலிருந்து வளர்ப்பு ஊடகம் நிரப்பிய புட்டிகளை, 'ஃபார்மலின் வேண்டாம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி, முந்தின நாளே அறுவை அரங்கில் கொடுத்துவிடுகிறேன். அங்குள்ள செவிலியரிடம் நேரில் பேசிவிடுங்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டாலும் திசுவைப் பத்திரமாக எடுத்து வைப்பவர் அவர்தான்.

நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வெட்டி வீசும் திசுவாகவே இருந்தாலும் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் வாங்குங்கள். மூட்டு, மூக்கு, கொழுப்பு என்று பின்னால் தேவைப்படக்கூடிய எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.

சரி, எந்தத் திசு? எளிதில் கிடைப்பது முழங்கால் மாற்று அறுவைசிகிச்சையில் அகற்றும் எலும்பு முனைகள். தேய்ந்த மூட்டில் என்ன மிஞ்சும் என்று நானும் நினைத்தேன். பெரும்பாலும் மறுகாலைப் பார்த்திருக்கும் உட்பக்கம்தான் எலும்பு தெரியத் தேய்ந்திருக்கும். வெளிப்பக்கத்தில் வழவழப்பான வெள்ளைக் குருத்தெலும்பு இருக்கும். மஞ்சளித்து நார்நாராகப் பிரிந்த இடங்களை விட்டுவிட்டு, ஸ்கால்பெல்லைப் படுக்கைவாக்கில் பிடித்து மெல்லிய சீவல்களாக எடுங்கள். இளஞ்சிவப்பு தட்டுப்பட்டதும் கையை நிறுத்துங்கள். அது எலும்பு, அங்குள்ள செல்களும் கலந்துவிடும்.

முதிர்ந்த குருத்தெலும்பின் கன அளவில் செல்கள் 1-2 சதவீதம் அளவே. இரவு முழுக்க, கொலாஜன் புரதத்தைக் கரைக்கும் நொதியான கொலாஜனேஸில் 37 டிகிரியில் வைத்துப் பிரித்தாலும் கொஞ்சம்தான் தேறும். பெருக்கித்தான் ஆக வேண்டும், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டி வளர வளர உருண்டைச் செல் நீண்டுவிடும்; குருத்தெலும்புக்குரிய கொலாஜன் 2 குறைந்து, நார்த்திசுவுக்குரிய கொலாஜன் 1 கூடும். நான்காவது பாசேஜில் (செல்களைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றும் சுற்று) எனக்குச் செல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செல்களைச் சிறு உருண்டையாகத் திரட்டிப் பெல்லட் செய்து, குருத்தெலும்பைச் சிவப்பாகக் காட்டும் சாயமான சஃப்ரானின் ஓ போட்டால் சிவப்பு ஏறவே இல்லை. அகரோஸ் என்ற கூழ்மத்துக்குள் வைத்தால் முயலின் குருத்தெலும்பு செல்கள் பழைய குணத்துக்குத் திரும்புவதை 1982-இல் பென்யாவும் ஷாஃபரும் காட்டினார்கள். அதை நம்பி அளவுக்கு மீறிப் பெருக்க வேண்டாம். முதல் பாசேஜிலேயே பாதியை உறைய வைத்துவிடுங்கள்.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, மூட்டின் உள்ளுறை ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்கள் (எலும்பு, குருத்தெலும்பு போன்றவையாக மாறக்கூடிய மூலச் செல்கள்) நன்றாகப் பெருகும். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் குருத்தெலும்பாகவும் மாறும். ஆனால் பெரும்பாலும் அதோடு நிற்காமல் எலும்பாகும் பாதையில் போய்விடும். கொலாஜன் 2 வந்ததும் மகிழ்ந்துவிடாமல், அந்தப் பாதையில் போவதைக் காட்டும் கொலாஜன் 10-ஐயும் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டதால் ஒரு முழு அத்தியாயத்தைத் திருப்பிச் செய்ய வேண்டியிருந்தது.

இன்று தொடங்குவதாக இருந்தால் மூக்கின் நடுத்தட்டுக் குருத்தெலும்பையே முதலில் தேடுவேன். மூக்குத்தட்டு வளைவைச் சரிசெய்யும் அறுவையில் கழிவாகக் கிடைக்கும். கொடையாளர்களும் பெரும்பாலும் மூட்டு மாற்றுக்கு வருபவர்களைவிட இளையவர்கள். செல்லும் நன்றாகப் பெருகும். சுவிட்சர்லாந்தின் பாசெல் ஆய்வுக்குழு இந்தச் செல்லில் வளர்த்த திசுவை 10 பேரின் முழங்காலில் பொருத்தி, 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஆய்வே மூட்டு நோயைப் பற்றியது என்றால் மட்டும் மூட்டுச் செல்லை விட முடியாது.

அப்புறம், எண்ணிக்கை போதவில்லை என்று வெவ்வேறு கொடையாளர்களின் செல்களை ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒருவருடையது பெல்லட்டில் பளபளவென்று திரளும், அடுத்தவருடையது தளர்ந்தே கிடக்கும். கலந்துவிட்டால் அந்த வேறுபாடு தெரியாமலே போகும். குறைந்தது மூன்று பேரின் திசுவைத் தனித்தனியாக வளருங்கள். வயது, பாலினம், எடுத்த இடம் ஆகியவற்றைத் திசு வந்த அன்றே பெயரில்லாமல் குறியீட்டு எண்ணோடு குறித்து வையுங்கள்.