பன்னிரண்டு பார், ஒன்பது சுற்று

"கேட்காதே, எண்ணு" என்றான் நண்பன். வேலை நேரம் போக ஒரு சின்ன பேண்டில் டிராம்போன் வாசிப்பவன். ஜாஸ் எனக்குப் பிடிபடவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923 ஏப்ரலில் பதிவு செய்த 'டிப்பர் மவுத் புளூஸ்' இசைத்தட்டைப் போட்டுவிட்டு, நான்கு நான்காக விரல்விட்டு எண்ணச் சொன்னான். நான்கு எண்ணினால் ஒரு பார். பன்னிரண்டு பார் முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று நிமிடம்கூட ஓடாத பதிவு அது. முதல் தடவை ஏழாவது பாரிலேயே கோட்டைவிட்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, நான் பன்னிரண்டை முடித்த அதே நொடியில் கிளாரினெட் தனியாக வெளியே வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பதிவில் முதலில் நான்கு பார் முன்னுரை, பிறகு பன்னிரண்டு பன்னிரண்டு பாராக ஒன்பது சுற்று: இரண்டு சுற்று எல்லோரும், இரண்டு கிளாரினெட், ஒன்று மறுபடி எல்லோரும், மூன்று ஆலிவரின் கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகருவி), கடைசியாக ஒன்று எல்லோரும் சேர்ந்து. இத்தனை நாள் எனக்குக் கூச்சலாகக் கேட்டதற்குள் இவ்வளவு உறுதியான ஒரு கட்டம் இருந்திருக்கிறது.

அந்தக் கட்டம்தான் புளூஸ். மூன்றே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து, போதும். ஸி-யில் வாசிப்பதாக வைத்துக்கொண்டால் முதல் நான்கு பார் ஸி. அடுத்த இரண்டு பார் எஃப், பிறகு இரண்டு ஸி. கடைசி நான்கில் ஜி-க்குப் போய் ஸி-க்கு இறங்கி வரும். நடுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்வார்கள், ஆனால் எலும்புக்கூடு இதுதான். வார்த்தையோடு பாடும்போது ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதாக அதற்கு ஒரு பதில். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார், ஆனால் பாட்டு அதில் பாதியிலேயே முடிந்துவிடும். மிச்ச இடத்தில் கருவி பதில் சொல்லும். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் இந்தப் பழக்கம் வயல்வெளி வேலைப்பாடல்களிலும் கறுப்பினத்தாரின் தேவாலயங்களிலும் ஊறியிருந்தது.

இதைச் சோதித்துப் பார்க்கவே பழைய கீபோர்டு ஒன்று வாங்கினேன். இடது கையில் மூன்று கார்டு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அப்புறம்தான் சிக்கல். பதிவில் கேட்கும் அந்த ஏக்கமான சுரம் என் கீபோர்டில் இல்லவே இல்லை! ஈ கட்டையை அழுத்தினால் கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது, பக்கத்தில் இருக்கும் ஈ ஃப்ளாட்டை அழுத்தினால் கொஞ்சம் குறைகிறது. அது இரண்டுக்கும் நடுவே வழுக்குகிற சுரம். புளூ நோட் என்பார்கள். மூன்றாவது, ஏழாவது சுரங்கள் இப்படி இறங்கி வரும்; ஐந்தாவதும் சில சமயம். தொண்டையால் முடியும், கார்னெட்டில் உதட்டால் முடியும், டிராம்போனில் குழாயை இழுத்தால் முடியும். பியானோக்காரர்கள் இரண்டு கட்டைகளையும் சேர்த்து நசுக்கி, அந்த நடுச் சுரம் இருப்பதாகக் காதை நம்பவைப்பார்கள். அதைப் பழகின நாளிலிருந்து என் கீபோர்டு வேறு வாத்தியமாகிவிட்டது.

தாளத்திலும் இதே கதைதான். ஒரு பீட்டை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் சமமாக இருப்பதில்லை. முன்பாதி நீளும், பின்பாதி குறுகும். ஸ்விங் என்பது இந்தச் சாய்வுதான். அளவு சொல்லி எழுதினால் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று வரும், ஆனால் வேகத்துக்கு வேகம், ஆளுக்கு ஆள் அது மாறும். இதற்கு முன்னே ராக்டைம் என்ற பியானோ இசை இருந்தது. ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899-இல் அச்சாகி வெளிவந்தது. அதில் இடது கை அணிவகுப்பு மாதிரி நேராக நடக்கும், வலது கை அழுத்தத்தை எதிர்பாராத இடத்தில் வைக்கும். ஆனால் ஜாப்ளினின் தாளில் எல்லாச் சுரமும் எழுதியிருக்கும். ஆலிவரின் ஆட்களுக்கு அப்படி எழுதிவைத்த தாள் தேவைப்படவில்லை.

அவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். நியூ ஆர்லியன்ஸ். அந்த ஊரில் அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, மேளம் அடித்து ஆடிய மைதானத்துக்குக் காங்கோ சதுக்கம் என்று பெயர். வேறெங்கும் கூடக் கூடாது என்று 1817-இல் நகர நிர்வாகம் சட்டம் போட்டது. ஆப்பிரிக்கத் தாளம் அங்கே வெளிப்படையாக ஒலித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், பிரெஞ்சு வழி வந்த, இசைப் பயிற்சி பெற்ற, தாள் பார்த்து வாசிக்கத் தெரிந்த கலப்பினக் கிரியோல்கள். அவர்கள் தங்களைத் தனிச் சமூகமாக நினைத்திருந்தவர்கள். இனப்பிரிவினைச் சட்டங்கள் வந்து அவர்களையும் கறுப்பினத்தார் பக்கம் தள்ளின. ரயிலில் வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து கைதான ஹோமர் பிளெஸ்ஸி அந்த ஊர்க் கிரியோல்தான். 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. தாள் பார்த்து வாசிப்பவரும் காதால் கற்றவரும் ஒரே பேண்டில் சம்பாதிக்க வேண்டிய நிலை. ஜாஸ் பிறந்த கதையைச் சொல்பவர்கள் இந்தக் கலப்பை ஒரு விருந்து மாதிரி விவரிப்பதுண்டு. எனக்கு அது உறுத்துகிறது. அந்தக் கலப்பில் ஒரு பங்கை உண்டாக்கியது அநீதிதான்.

ஊர்வலங்களையும் சொல்ல வேண்டும். சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக் குழு இடுகாடு வரை மெதுவாகத் துதிப்பாடல் வாசித்துப் போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு துள்ளலாக வாசிக்கும், பின்னால் தெருவே ஆடிக்கொண்டு வரும். விளம்பரத்துக்கு வண்டியில் ஏற்றி பேண்டை ஊர் சுற்ற விடுவதும் உண்டு. டிராம்போன்காரர் குழாயை நீட்ட இடம் வேண்டுமே, அதனால் வண்டியின் பின்பலகையில் உட்கார்வார். அந்தப் பாணிக்கு டெயில்கேட் என்றே பெயர் வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது என் நண்பனின் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி பட்டி போல்டன் என்ற கார்னெட்காரர், 1877-இல் பிறந்தவர். அவர் ஊதினால் ஊரின் அடுத்த பக்கம் வரை கேட்கும் என்று கேட்டவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1907-இல் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1931-இல் இறக்கும்வரை அங்கேதான். அவர் வாசித்த ஒரு சுரம்கூட நம் கைக்கு வரவில்லை. ஒரு புகைப்படம் மட்டும் இருக்கிறது. முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று வரலாற்றில் இடம்பெற்றது 1917-இல் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் பதிவு செய்தது. அந்த ஐந்து பேரும் வெள்ளையர்கள். நன்றாகவே வாசித்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் போல்டனின் மௌனம்தான் எனக்குக் கேட்கிறது.

சரி, 1923-க்கு வருகிறேன். ஆலிவர் அதற்குள் சிகாகோவுக்குப் போய்விட்டார். தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பினத்தாரில் அவரும் ஒருவர். 1922-இல் ஊரிலிருந்து லூயி ஆம்ஸ்ட்ராங்கை இரண்டாவது கார்னெட்டாக வரவழைத்தார். அப்போது ஆம்ஸ்ட்ராங்குக்கு 21 வயது. ஆலிவரை அவர் 'பாப்பா ஜோ' என்றுதான் கூப்பிடுவார்.

பதிவு நடந்தது இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில், ஜென்னட் நிறுவனத்தின் கூடத்தில். பக்கத்திலேயே தண்டவாளம், ரயில் வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றுக்கு முன்னால் எல்லோரும் நின்று ஊத வேண்டும். அந்த அதிர்வில்தான் ஊசி மெழுகில் கோடு போடும். பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டினார். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரைத் தள்ளித் தூரத்தில் ஒரு மூலையில் நிற்கவைத்தார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்காலத்தில் சொன்னார். மூலையில் வருத்தத்தோடு நின்றாராம். அந்தப் பதிவுக்கு அடுத்த வருடம் ஆம்ஸ்ட்ராங்கும் லில் ஹார்டினும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இப்போது ஆலிவரின் அந்த மூன்று சுற்று. கார்னெட் வாயில் மியூட் என்ற அடைப்பானை வைத்து மூடி மூடித் திறக்கிறார். கருவி 'வா, வா' என்று வாய்விட்டு அழுகிறது. சுரங்கள் ரொம்பக் குறைவு. முதல் சுற்றில் அந்தக் கீழிறங்கிய மூன்றாவது சுரத்தையே பிடித்துக்கொண்டு, வளைத்து, விட்டு, மறுபடி பிடிக்கிறார். மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் பேண்ட் நின்று, "ஓ, ப்ளே தட் திங்!" என்று ஒரு குரல் கத்துகிறது. பான்ஜோ வாசித்த பில் ஜான்சன் அது. அந்த இடத்தில் தான் டிரம்ஸ் வாசித்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன், அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஜான்சன் கத்தினார் என்று பேபி டாட்ஸ் சொல்லியிருக்கிறார். பிறகு அதே மெட்டை வாசித்தவர்கள் அந்தக் கத்தலையும் பாட்டின் பகுதியாகவே வைத்துக்கொண்டார்கள். ஆலிவரின் தனி வாசிப்பையும் சுரம் மாறாமல் கற்றார்கள். 1925-இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் ஆம்ஸ்ட்ராங்கே அதை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார், தன் குருவின் மூன்று சுற்றையும்.

ஆலிவருக்கு ஈறு நோய் வந்து ஊத முடியாமல் போனது. 1938-இல் சவானா நகரில் வறுமையில் இறந்தார்.

என் இடது கை இப்போது எண்ணாமலே பன்னிரண்டைச் சுற்றி வருகிறது. வலது கையில் ஆலிவரின் முதல் சுற்று வந்துவிட்டது, கட்டைகளை நசுக்கி நசுக்கி. இரண்டாவது சுற்றில் ஐந்தாவது பார் வரை போயிருக்கிறேன்.