பெரிய கோவில் இல்லாமல் ஒரு படப்புத்தகம்

தஞ்சாவூர்ப் பக்கத்து மரபு என்று சின்னப் பிள்ளைகளுக்கு இருமொழிப் படப்புத்தகம் போட நினைப்பவர்கள் நேராகப் பெரிய கோவிலுக்குத்தான் போகிறார்கள். ராஜராஜன் மீசையோடு நிற்பார், 1010ஆம் ஆண்டு, விமானம் 216 அடி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். தப்பில்லை. ஆனால் நாலு வயசுக்கு 1010உம் போன தீபாவளியும் ஒன்றுதானே? கும்பகோணத்தில் அக்கா மகளுக்குப் படித்துக் காட்டும் வேலை என் தலையில்தான் விழுகிறது. அப்படி ஒரு பக்கம் வந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் "அடுத்தது சித்தி" என்று அவளே புரட்டிவிடுவாள்.

அவள் கையால் செய்கிற, இழுக்கிற, தள்ளிவிடுகிற விஷயங்களில் இருந்து புத்தகம் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆடிப்பெருக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் படித்துறையில் காதோலை கருகமணி, பழம், காப்பரிசி வைத்துப் படைத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிற நேரத்தில் பிள்ளைகள் சாமி படம் ஒட்டிய குட்டிச் சப்பரத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடும். அந்தச் சப்பரத்தின் பின்னாலேயே புத்தகம் போகலாம்: தெரு, படித்துறை, ஆறு, அப்புறம் ஆற்றோடு மேலே ஏறிக் கல்லணை, மேட்டூர், குடகு மலை வரைக்கும். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பதும், அந்தத் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று பிரிவதும் படத்திலேயே வந்துவிடும், தனிப் பாடம் வேண்டாம். தண்ணீர் வராத வருஷத்தில் வெறும் மணலில் நின்று பம்புசெட் தண்ணீரை வைத்துக் கும்பிடுகிற பக்கமும் ஒன்று இருக்கட்டும். அதை மறைத்துவிட்டு வருஷா வருஷம் ஆறு நுங்கும் நுரையுமாக ஓடுவதாக வரைந்தால், இந்த ஊர்ப் பிள்ளையே நம்பாது.

தலையாட்டி பொம்மையும் அப்படித்தான். புவிசார் குறியீடு வாங்கிய பொம்மை என்பதில் குழந்தைக்கு என்ன இருக்கிறது? தள்ளினால் சாய்கிறது, விட்டால் எழுந்துவிடுகிறது, ஏன்? அடிப்பக்கம் உருண்டையாக, களிமண்ணால் கனமாக இருக்கிறது. மேலே காகிதக்கூழ், லேசு. கனமெல்லாம் கீழே இருப்பதால் எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். பொம்மையைப் பாதியாக வெட்டிக் காட்டுகிற ஒரு படம் போதும். சுவாமிமலைச் சிலைக்கு நாலு படம்: மெழுகில் உருவம், அதன்மேல் காவிரி வண்டல் பூச்சு, சூட்டில் மெழுகு உருகி ஓடிய வெற்றிடம், அதில் ஊற்றும் உலோகம். கடைசியில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்ற இடத்தில் எந்தக் குழந்தையும் நிமிர்ந்து உட்காரும்.

இரண்டு மொழி விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆங்கிலத்தைப் பெரிசாகப் போட்டு, தமிழை அதற்கு அடியில் பொடி எழுத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் தமிழைப் படிப்பது அம்மாச்சி, கண்ணாடி போட்டுக்கொண்டு. ஆங்கிலத்தைப் படிப்பது இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாவது படிக்கிற அண்ணன்காரன். ஒரே பக்கத்தை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படிக்கும்போது, நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழியாகிவிடுகிறது. அம்மாச்சியால் படிக்க முடியாத எழுத்தில் போட்டால் பாதிப் புத்தகம் வீண்.

சென்னையில் தூலிகா 1996இல் இருந்து ஆங்கிலத்தோடு தமிழும் சேர்ந்த படப்புத்தகங்கள் போடுகிறார்கள், புத்தகக் காட்சியில் புரட்டிப் பார்த்து வாங்கலாம். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நம் மொழியில் மாற்றி எழுதலாம், புதுக்கதையும் ஏற்றலாம். சப்பரக் கதையை அங்கேதான் போடுவதாக இருக்கிறேன். தமிழ் எழுதியாகிவிட்டது, அம்மாச்சி சத்தமாகப் படித்து இரண்டு வரியை அடித்தும்விட்டார். ஆங்கிலம் பாதியில் நிற்கிறது. படம்தான் இல்லை. ஆற்றையும் மணலையும் வரையத் தெரிந்தவர்கள், அதுவும் சப்பரம் இழுத்து வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.