எக்ஸ்பியை லினக்ஸுக்குள் குடிவைத்த ஆடி மாதம்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் இங்கே டைப் செய்து, லேஅவுட் போட்டு, ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். இருபது வருஷ வேலையும் பேஜ்மேக்கர் 7-இல் கிடக்கிறது. 2001-இல் வந்த அந்த சாஃப்ட்வேருக்கு எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தெரியாது. அதனால் பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்தே ஓட்டினோம். அவற்றில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் அடித்த ‘அம்மா’வை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

2025 ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள், அந்த வேலைக்கென்றே வைத்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் பிழைத்தது. ஆனால் அந்தக் காலத்து மதர்போர்டு கிடைக்கவில்லை. கடையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் 2017-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அதற்கும் அந்த வருஷம் அக்டோபர் 14-உடன் ஆதரவு முடியும் என்று மைக்ரோசாஃப்ட் முன்பே சொல்லியிருந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும்.

“அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே மாடல்ல வேணும்” என்று பத்து வருஷம் கழித்து வருகிறவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது. அந்தப் பழைய ஃபைல்கள் திறந்தே ஆக வேண்டும்.

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். “மாமா, புதுசா எதையும் வாங்கிடாதீங்க. விர்ச்சுவல் மெஷின் போட்டுப் பாருங்க. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொண்ணு ஓடும்” என்றான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறக்கும் வரை ஒரு மாதம் கையில் இருந்தது.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேரை விண்டோஸ் 10-இல் நிறுவினேன். புது மெஷின் உருவாக்கப் போனால் பட்டியலில் 32-பிட் மட்டுமே தெரிந்தது, 64-பிட் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில், விர்ச்சுவல் மெஷினுக்கு உதவும் இன்டெலின் விடி-எக்ஸ் வசதி அணைந்திருந்ததுதான் காரணம். அதை இயக்கியதும் எல்லாம் வந்தது. இதே இடத்தில் நிற்பவர்கள் முதலில் பயாஸைப் பாருங்கள்.

அப்புறம்தான் உண்மையான கேள்வி: எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது? தேடினால் நூற்றுக்கணக்கில் கொட்டுகிறது. மூன்று நாள் ஸ்கிரீன்ஷாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நாலாம் நாள் ஒரு தாளில் எனக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று எழுதினேன். பேஜ்மேக்கர் ஓட ஒன்று. விண்டோஸ் 10 போன பிறகு கடை முழுவதையும் தாங்க ஒன்று. இப்படிப் பிரித்ததும் பட்டியல் மளமளவென்று சுருங்கியது. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க, இருக்கிற விண்டோஸைக் கலைக்காமல் ஒவ்வொன்றையும் விர்ச்சுவல் மெஷினில், சுருக்கமாக விஎம்மில், போட்டுப் பார்க்க முடிந்தது. இந்த முறையின் பெரிய அருமை இதுதான் என்று நினைக்கிறேன். பிடிக்காததை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கடை வேலை ஒருநாளும் நிற்காது.

முதலில் எடுத்தது லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு வகையான உபுண்டு 24.04. அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் 6 ஜிபிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ராத்திரி இறக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் ஃபைல் முழுசாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது, ஆனால் நிறுவும்போது பாதியில் நின்றது. ஒரு நாள் முழுக்க விஎம் அமைப்பைச் சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அக்கா மகன் சொல்லி, ஃபைல் பிசகாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டேன். விண்டோஸிலேயே சர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. அது காட்டிய எண்ணும் உபுண்டு தளத்தில் போட்டிருந்த எண்ணும் வேறு வேறு. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் டோரன்ட்டில்தான் இறக்கினேன். லினக்ஸ்காரர்களே தங்கள் தளத்தில் டோரன்ட் ஃபைல் கொடுக்கிறார்கள். துண்டு துண்டாகச் சரிபார்த்து இறக்கும், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊருக்கு அதுதான் சரி.

எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். 4 ஜிபி ரேம் கொடுப்பேன்; 8 ஜிபியில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பதற்குக் கொடுத்தால் வெளியே இருப்பது திணறும். டிஸ்க் 25 ஜிபி, தேவைக்கேற்ப வளரும் வகை. எழுதியது 25 என்றாலும் நிரம்பின அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். ஆனால் உள்ளே ஃபைலை அழித்தால் அது தானாகச் சுருங்காது, இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கும்பாபிஷேக நோட்டீஸை யூனிகோடில் அடித்துத் திறப்பேன். ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் ‘கௌ’வும் உடையாமல் வருகிறதா, தமிழ்99 விசைப்பலகை அமைகிறதா, பிரிண்டர் பதில் சொல்கிறதா என்று பார்ப்பேன்.

உபுண்டுவின் க்னோம் முகப்பு அழகுதான், ஆனால் இந்த மெஷினுக்குக் கனம். அதன் இலகுவான வகையான லுபுண்டு விறுவிறுவென்று ஓடியது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் பார்த்தேன், அதற்கும் அடிப்படை டெபியன் என்ற லினக்ஸ்தான். அப்படியானால் டெபியனையே வைத்துக்கொள்ளலாமே என்று டெபியன் 12-ஐப் போட்டேன். நெட்வொர்க் வழியாக நிறுவும் சின்ன ஐஎஸ்ஓ ஒரு ஜிபிக்கும் குறைவு. எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு அமைதியாக ஓடியது. அதில் மனம் நின்றிருந்தபோது, ஆகஸ்ட் 9-ஆம் தேதி டெபியன் 13 வந்துவிட்டது. ஆவணி பிறக்க ஒரு வாரம். வந்த வாரத்திலேயே அதைக் கடைக்கு எடுத்துவர எனக்குத் துணிவில்லை. லினக்ஸ் மின்ட் 22.1, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தேன். உபுண்டு 24.04-இன் மேல் கட்டியது, 2029 வரை திருத்தங்கள் வரும். கடையில் உட்கார வைத்த பையன் விண்டோஸ் பழக்கத்திலேயே மெனுவைக் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆல்பைன் என்று ஒன்று உண்டு. விஎம்முக்கென்றே தனிப் பதிப்பு வைத்திருக்கிறார்கள், நூறு எம்பிகூட வராது. சர்வர் பழகுகிறவர்களுக்கு நல்லது. என் வேலை அது இல்லை. மேக் ஓஎஸ் பற்றி நண்பர் ஒருவர் கேட்டார். ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அதை ஓட்டலாம் என்று உரிமத்திலேயே இருக்கிறது, அதனால் தொடவில்லை.

பேஜ்மேக்கருக்கு வருவோம். எக்ஸ்பியைத் தேடினால், தயாராக நிறுவி, சீரியலும் சேர்த்து யார் யாரோ போட்டிருக்கும் விஎம் ஃபைல்கள் வரிசையாக வரும். ஒன்றைக்கூட இறக்கவில்லை. உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? 2014-லேயே ஆதரவு முடிந்த சிஸ்டம், ஓட்டையை அடைக்க ஆள் கிடையாது. விண்டோஸ் நிரல்களை ஓட்டுவதற்காகத் திறந்த மூலத்தில் எழுதப்படும் ரியாக்ட்ஓஎஸ்ஸையும் யோசித்தேன். அதை உருவாக்குகிறவர்களே இன்னும் ஆல்ஃபா, அதாவது ஆரம்பச் சோதனை நிலை என்றுதான் சொல்கிறார்கள். முகூர்த்தத் தேதி தள்ளிப்போகாது, அதனால் விட்டுவிட்டேன். அலமாரியைக் குடைந்ததில் பெட்டியோடு வாங்கின எக்ஸ்பி சிடியும் சீரியல் எண்ணும் கிடைத்தன. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமமாக இருந்திருந்தால் அது செத்துப்போன அந்த மெஷினோடு முடிந்திருக்கும். பெட்டியில் வாங்கினதை வேறு மெஷினுக்கு மாற்றலாம்.

முதல் முயற்சியில் ‘ஹார்டு டிஸ்க் எதுவும் இல்லை’ என்றது. நான் விஎம்மின் டிஸ்க்கை சாட்டா என்ற புது வகை இணைப்பில் மாட்டியிருந்தேன், எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர் கிடையாது. ஐடிஇ என்ற பழைய வகைக்கு மாற்றியதும் நிறுவல் ஓடியது. 512 எம்பி ரேம், ஒரு சிபியூ. எக்ஸ்பிக்கு அது தாராளம். நெட்வொர்க் அடாப்டரையே அணைத்துவிட்டேன். “மாமா, நெட் மட்டும் குடுத்துடாதீங்க” என்று அக்கா மகன் மூன்று தடவை சொன்னான்.

தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு, உரிமத்தைச் சரிபார்க்க யுஎஸ்பியில் செருகும் லாக் ஒன்று இருக்கிறது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எக்ஸ்பிக்கு யுஎஸ்பி 3 புரியாது, அதனால் விஎம் அமைப்பில் 1.1 வைத்தேன். விண்டோஸ் 10-இல் உடனே பிடித்துக்கொண்டது. எழுத்துரு ஏற்றும் முன் விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துவைத்தேன். இரண்டு தடவை தப்பாக ஏற்றி, இரண்டு தடவையும் அந்த நிலைக்கே திரும்பினேன்.

ஆடி கடைசி வாரத்தில் விண்டோஸ் 10-ஐ எடுத்துவிட்டு மின்ட்டைப் போட்டேன். எக்ஸ்பி விஎம்மை முழுசாக ஷட்டவுன் செய்து, அந்த ஃபோல்டரை அப்படியே மின்ட்டுக்குக் காப்பி செய்து, விர்ச்சுவல்பாக்ஸில் சேர்த்தேன். எழுந்துவிட்டது. ஆனால் லாக் தெரியவில்லை. அரை நாள் போன பிறகு விஷயம் புரிந்தது: லினக்ஸில் நம் பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் சேர்த்தால்தான் யுஎஸ்பி கண்ணில் படும். சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்தேன். லாக்கின் பெயர் பட்டியலில் நின்றது.

முதலில் திறந்தது 2016 மகாமகத்துக்குப் போட்ட ஒரு நோட்டீஸ். ஓரத்துத் தோரணம் முதல் கடைசி வரி வரை ஓர் எழுத்து பிசகவில்லை. பக்கத்தை போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக எழுதி, பென்டிரைவில் மின்ட்டுக்குக் கொண்டுவந்து, பிஎஸ்2பிடிஎஃப் கட்டளையில் பிடிஎஃப் ஆக்கினேன். பிரஸ்காரர் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு “பிளேட் போட்டுடலாம்” என்றார்.

இதைக் கேள்விப்பட்டு எதிர்சாரியில் நெல் மண்டி வைத்திருக்கும் அண்ணன் வந்தார். அவரிடம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கணக்கு நிரல் ஒன்று இருக்கிறது. அவருக்கு டாஸ் போலவே இயங்கும் இலவச ஃப்ரீடாஸ் 1.4-ஐ விஎம்மில் போட்டுக்கொடுத்தேன், 32 எம்பி ரேம் போதும். டாஸ் சும்மா இருக்கும்போதும் சிபியூவை முழுசாக ஓட்டும். அதற்கு எஃப்டிஏபிஎம் என்ற சின்ன நிரலைத் தொடக்கத்திலேயே ஓடும்படி வைத்தால் விசிறிச் சத்தம் அடங்கிவிடும்.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. மூல டிஸ்க் ஃபைல் போனால் அதுவும் கூடவே போகும். அதனால் எக்ஸ்பி விஎம் முழுவதையும் ஓவிஏ என்ற ஒரே ஃபைலாக ஏற்றுமதி செய்து இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒன்று கடையில். இன்னொன்று வீட்டு மாடியில், ஐப்பசி மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வரும் என்பதால். லாக் மட்டும் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு மாற்று கிடைக்குமா என்று எழுத்துரு விற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன்.